மேலப்பாளையம் மலை விழுந்த விவரம்

பெரிய மனிதன் சின்ன மனிதனிடம் தோற்பதை நம்புவதற்குத் திருநெல்வேலி ஜனங்களுக்குப் பயிற்சி போதாது என்று முதலில் கண்டுபிடித்தவர் திருஞானசம்பந்தம். அரசாங்கத்தில் ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று அவரும் சொன்னதில்லை. அந்தத் துறையும் அவரைத் தேடி வந்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்து, 'தென்பாண்டி வீரக்கலை மல்யுத்த மேம்பாட்டுக் கழகம்' என்று பலகை மாட்டி, தானே தலைவராகி, திறப்பு விழாவில் தனக்குப் பொன்னாடை போர்த்த ஆள் வரத் தாமதமானதால் தானே போர்த்திக்கொண்டார்.

கேபிள் டி.வி. வந்து வீட்டுக்கு வீடு அமெரிக்க மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. டீக்கடைக்கு டீக்கடை ஒரே வழக்கு. இருநூறு கிலோ ராட்சசன், அவனில் பாதி இருக்கிறவனிடம் தோற்றானே, அது நெசமா, பேசி வைத்ததா? நெசம் என்பவனும் பொய் என்பவனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "நெல்லையப்பர் தேரை ஒரு ஆட்டுக்குட்டி இழுத்துட்டுப் போச்சுன்னா நம்புவியாலே?" என்று ஒருவன் கேட்க, "வடம் சரியா இருந்தா இழுக்கும்" என்று மற்றவன் சொல்ல, டீ ஆறிப்போகும். இத்தனை பேர் இலவசமாகச் சண்டை போடுகிறார்களே, இவர்களை டிக்கெட் வாங்கிச் சண்டை போட வைத்தால் என்ன என்று தலைவருக்குத் தோன்றியது. அதற்குத் தோதாக அவர் வீட்டிலேயே ஒரு மல்லன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகன் மகேஸ்வரன். ஐம்பத்து நாலு கிலோ. பட்டப்படிப்பில் தவறி, வீட்டோடு மாப்பிள்ளையாகி, எந்த வேலையிலும் தங்காமல் இருந்தான். நாலு பெரிய மல்லர்களைச் சாய்த்து 'தென்பாண்டிச் சிங்கம்' என்று ஒரு பட்டம் வாங்கிவிட்டால், விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் உத்தியோகம் ஒன்றில் அவனைச் செருகிவிடலாம். கழகத்தின் வீரக்கலை மேம்பாடு இவ்வளவுதான்.

முதல் பந்தயம் அம்பாசமுத்திரத்தில் நடந்தது. 'பஞ்சாப் புலி' என்று சுவரொட்டியில் போட்டிருந்தவர் கோவில்பட்டியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். நல்ல உடம்பு, நல்ல மனசு. மகேஸ்வரன் அவரைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னாலேயே அவசரப்பட்டு விழுந்துவிட்டார். செருப்பு பறந்தது. ஒற்றைச் செருப்பாக வந்ததில் கழகத்துக்கு ஆதாயமும் இல்லை.

மறுநாள் அவசரக் கூட்டம் போட்டார்கள். பந்தயம் பொய்யாக இருந்தது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "பொதுமக்களின் நம்பும் திறன் நாளுக்கு நாள் குறைந்து வருவதை இக்கழகம் ஆழ்ந்த கவலையுடன் நோக்குகிறது" என்று தீர்மானம் நிறைவேற்றி, 'தோல்வி நம்பகத்தன்மை ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தார்கள். குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் தலைவருக்குச் சொந்தம். இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவரும் அதில் இருந்தார். ஐம்பத்து நாலு கிலோ மனிதன் நூற்றைம்பது கிலோ மனிதனைத் தூக்கி எறிய இயலாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். தலைவர் 'இயலாது' என்பதை அடித்து 'முயன்றால் இயலும்' என்று திருத்தி, கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினார். அவரும் போட்டார். சித்தப்பா மகன்தானே.

இயற்கையில் பெரிய பொருள்கள் எப்படி விழுகின்றன என்று நேரில் ஆராய, குழு ஒரு வேனில் மணிமுத்தாறு அருவிக்குப் போனது. குடும்பத்தோடுதான். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். புளியோதரை சாப்பிட்டார்கள். "அருவி விழும்போது அதில் பாசாங்கு தெரியவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கையின் கடைசியில் ஒரே ஒரு உருப்படியான வரி இருந்தது: அடுத்து தோற்கிறவர் வெளியூர்க்காரராக இருக்கக் கூடாது; ஊரே அறிந்த, ஊரே நம்புகிற, நிஜமாகவே பெரிய ஆளாக இருக்க வேண்டும்.

கழகத்தின் பொருளாளர் வன்னியராஜ் அதைக் கேட்டதும், "நம்மகிட்ட ஒரு சரக்கு இருக்கு" என்றார்.

வன்னியராஜுக்கு மல்யுத்தமும் தெரியாது, வீரக்கலையும் தெரியாது. மேலப்பாளையம் மாட்டுச் சந்தையின் குத்தகைதாரர். சந்தையின் கேட்டுச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் சொன்ன சரக்கு பூதலிங்கம்.

பூதலிங்கம் மாட்டுத் தரகர். நூற்று அறுபது கிலோ இருக்கும். மாடு நிறுக்கிற தராசில் ஒரு நாள் விளையாட்டுக்கு ஏறியதில் தெரிந்தது. அந்த உடம்பை வைத்து அவர் இதுவரை ஒருவரையும் அடித்ததில்லை. பிழைப்பெல்லாம் வலது கையில். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரின் கைமேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு கணக்கு, முழுக்கை பிடித்தால் ஒரு கணக்கு. வாங்குகிறவன் விலை விற்கிறவனுக்குத் தெரியாது. இருவர் விலையும் தெரிந்தவன் தரகன் ஒருவன்தான். ஆகையால் அவன் கை பொய் சொல்லாது என்று இரண்டு பேரும் நம்ப வேண்டும். பூதலிங்கத்தின் கை பொய் சொன்னது என்று இருபது வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. முக்கூடல், பாப்பாக்குடி விவசாயிகள் வேறு கையில் விரல் வைக்கமாட்டார்கள்.

வன்னியராஜ் அவரைக் கழகத்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைவர் விஷயத்தை விளக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். பூதலிங்கத்துக்குப் புரிந்ததெல்லாம் இவ்வளவு: ஊர் பார்க்க, இந்த ஒல்லியான பையனிடம் தான் தோற்க வேண்டும்.

"எனக்கு மல்யுத்தம் தெரியாதே ஐயா" என்றார்.

"தெரிந்தால்தான் சிரமம்" என்றார் தலைவர். "ஜெயிப்பதற்குத்தான் வித்தை வேண்டும். தோல்விக்கு நல்லெண்ணம் போதும்."

பூதலிங்கம் வேண்டாம் என்று கும்பிட்டு எழுந்தார். வன்னியராஜ் அவரை மாடிப்படி வரை கொண்டுவந்து விட்டு, தோளில் கை போட்டு, பைய, மிகவும் பிரியமாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லும்வே. செவ்வாக்கிழமை காலையில கேட்டைத் தொறக்கது நான்தான். ஆரு உள்ள வரணும், ஆரு வெளிய நிக்கணும்னு நான்தான் பாக்கேன்."

அதற்கு மேல் யோசிக்க அவரிடம் ஒன்றும் இல்லை. மாடும் தரகும் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர், சந்தைக்கு வெளியே நின்று என்ன செய்வார்? சரி என்றார்.

ஒத்திகை ஆரம்பமானது. தினம் சாயந்திரம் கழகத்து மாடியில் குழுவின் ஏழு பேரும் நாற்காலி போட்டு, மதிப்பெண் தாளோடு உட்காருவார்கள். மகேஸ்வரன் கையைத் தொடுவான். பூதலிங்கம் விழுவார். முதல் நாள் அவர் விழுந்ததில் கீழே கடையில் அடுக்கியிருந்த பித்தளைக் குடங்கள் சரிந்து, நடுரோட்டில் உருண்டு, டவுன் பஸ்ஸை நிறுத்தின. குழு அதைப் பார்த்து மகிழ்ந்தது. ஆனால் மதிப்பெண் ஏறவில்லை. "விழுவதில் குறை இல்லை, முகத்தில் வருத்தம் போதாது" என்றார் ஒருவர். மற்றவர், வருத்தம் சரி, வியப்பைக் காணோம் என்றார். மூன்றாமவருக்கு மணிமுத்தாற்றில் பார்த்த இயல்பு இதில் இல்லை. அடுத்த முறை பூதலிங்கம் வருத்தப்பட்டு, வியந்து, இயல்பாக விழுந்தார். வேண்டுமென்றே விழுவது அப்பட்டமாகத் தெரிகிறது என்று ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள்.

முழங்கைத் தோல் உரிந்து, மூச்சு வாங்க எழுந்த பூதலிங்கம் கேட்டார்: "ஐயா, நான் விழணுமா, விழக்கூடாதா?"

"விழத்தான் வேண்டும். ஆனால் விழ விரும்பாதவர் போல விழ வேண்டும். அதே சமயம், விழ விரும்பாதவர் போல நடிக்கிறவர் என்று தெரியக் கூடாது."

"அப்போ நெசமாவே விழ விரும்பாம இருந்துரட்டுமா?"

"அது ஒழுங்கீனம்" என்றார் தலைவர்.

வீட்டில் பூதலிங்கத்தின் மனைவி பிரம்மநாயகி முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். ஜெயிக்கப் பயிற்சி எடுக்கிறவர்களை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். "தோக்கதுக்கும் போய்ப் படிச்சிட்டு வாரீயளா?" என்று கேட்டுவிட்டு, பற்று காயும்வரை ஊதிவிட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்பது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும்.

இதற்குள் சுவரொட்டி வந்துவிட்டது. 'மேலப்பாளையம் மலை' என்று பூதலிங்கத்தையும், 'தென்பாண்டிச் சிங்கம்' என்று மருமகனையும் போட்டிருந்தார்கள். பட்டம் ஜெயித்த பிறகு கொடுப்பதுதானே என்று அச்சகத்துக்காரர் கேட்டதற்கு, தாள் விலை ஏறுவதற்குள் அடித்துவிடுவது நல்லது என்று பதில் வந்தது. அத்தனை பெரிய மலை எதற்காகச் சாயும் என்று ஜனங்கள் கேட்பார்களே, அதற்கொரு காரணம் வேண்டும் என்று குழு மூன்று நாள் விவாதித்தது. கால் வலி என்றார் ஒருவர். விரதம் என்றார் ஒருவர். கடைசியில் நாலுக்கு மூன்று என்ற வாக்கில் ஏழரைச் சனி ஜெயித்தது. சுவரொட்டியின் அடியில் அதையும் போட்டார்கள்.

அந்தச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அகமது மீரான் வந்தார். அவரும் சந்தையில் தரகர். பூதலிங்கத்தோடு ஒரே மரத்தடியில் பதினெட்டு வருஷம் நின்றவர். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, கிளாஸைக் கையில் உருட்டினார். பிறகு, அந்தப் பையனிடம் பேசி வைத்துத் தோற்கப்போகிறீரா என்று கேட்டார். வன்னியராஜ் மிரட்டியது உட்பட பூதலிங்கம் எதையும் மறைக்கவில்லை.

"கேட்டை அடைச்சா நாலு மாசம் அடைப்பான். குத்தகை முடிஞ்சதும் வேற ஆளு வருவான்" என்றார் மீரான். "நீரு தோத்தீருன்னா ஜனம் சிரிச்சிட்டுப் போயிரும். அதுவும் போவட்டும். காசுக்கோ பயத்துக்கோ பொய்யா விழுந்தீருன்னு தெரிஞ்சிட்டா, பொறவு ஒம்ம கையில எவன்வே வெரல் வைப்பான்? ஒடம்பு பொய் சொல்லும், கை மட்டும் நெசம் சொல்லும்னு எவனாவது நம்புவானா?"

பொய்யாக விழுந்து உள்ளே போனால் கை போய்விடும். வெளியே நின்றால் சந்தை போய்விடும். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பெஞ்சில்தான் பூதலிங்கத்துக்கு உறைத்தது. ஆனாலும் நாள் குறித்தாயிற்று.

பந்தயத்துக்கு முந்தின நாள் வன்னியராஜ் ஒரு யோசனை சொன்னார். எந்த நிமிஷத்தில் விழுவது என்று மேடையில் வாயால் பேசிக்கொண்டால் ஜனங்கள் பார்த்துவிடுவார்கள். கட்டிப் பிடிக்கும்போது மகேஸ்வரன் பூதலிங்கத்தின் விரலைப் பிடிக்கட்டும். இரண்டு விரல் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் விழ வேண்டும். சம்மதம் என்றால் பூதலிங்கமும் அதே அளவு திருப்பிப் பிடிக்க வேண்டும். "ஒமக்குத் தெரிஞ்ச பாஷைதானவே" என்றார். குழு இதை 'நவீன உத்தி' என்று பாராட்டி, வன்னியராஜுக்கு ஒரு பொன்னாடை போர்த்தியது.

வண்ணார்பேட்டையில் ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டி, தரையில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். மேலப்பாளையம் சந்தைக்காரர்கள் மொத்தமாக வந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்வரிசை முழுக்கக் கழகத்தின் உறவினர்கள். பந்தயம் ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஆறே முக்கால் வரைக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் போர்த்தினார், தலைவருக்குப் போர்த்தினார்கள், போர்த்தியவர்களுக்குப் போர்த்தினார்கள். ஒவ்வொரு போர்த்தலுக்கும் ஒரு தரம், மேடையில் நின்ற எல்லோர் மேலும் பன்னீர் தெளித்தார்கள். பன்னீர்ச் செம்பு காலியானதும் தண்ணீர் கலந்து தெளித்தார்கள்.

பிறகு தலைவர் பேசினார். அம்பாசமுத்திரத்துச் செருப்பு இன்னும் அவர் மனசில் இருந்தது.

"சிலர் இதை மோசடி என்கிறார்கள். மோசடி என்றால் என்ன? ஒழுங்கில்லாமல், கூடிப் பேசாமல், தனியாளாகச் செய்வது. நாங்கள் எதையுமே அப்படிச் செய்வதில்லை. குழு அமைத்து, கூட்டம் கூட்டி, தீர்மானம் நிறைவேற்றித்தான் செய்கிறோம். பெரியவன் சின்னவனிடம் தோற்கிறான் என்று ஏழை ஜனங்கள் நம்ப வேண்டும். நம்பினால்தான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். நான் முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன். பெரியவன் சின்னவனிடம் தோற்றதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க முடியாததை நம்பவைக்கத்தானே கழகம் வேண்டியிருக்கிறது?"

முன்வரிசை கை தட்டியது. பின்வரிசையில் யாரோ, சரியாய்த்தானே சொல்லுதார் என்று சொன்னது கேட்டது.

மணி அடித்தார்கள். மகேஸ்வரன் இரண்டு தரம் சுற்றி வந்தான், கால் தூக்கினான், கொக்கரித்தான். அதிலேயே மூச்சு வாங்கியது. திட்டப்படி ஓடிவந்து கட்டிப் பிடித்தான். பூதலிங்கத்தின் கக்கத்துக்குக் கீழே அவன் தலை மறைந்துபோனது. இருவர் கையும் இடையில், வெளியே தெரியாமல் கோத்துக்கொண்டன. மகேஸ்வரன் இரண்டு விரலைப் பிடித்தான்.

பூதலிங்கம் இரண்டைத் திருப்பிப் பிடித்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிடிக்க வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் இருபது வருஷமாக அந்தக் கை முதலில் சொன்ன விலைக்கு ஒரு நாளும் மூடியதில்லை. முதல் விலைக்கு மூடுகிற கையைச் சந்தையில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். விரல் பட்டதுதான் தாமதம், கை தானாகவே ஐந்துக்கு முழுக்கையைப் பிடித்து, விட்டு, மேலும் மூன்று விரலைப் பிடித்தது. எட்டு.

மகேஸ்வரன் கக்கத்துக்குள்ளிருந்து முனகினான். "எட்டு நிமிஷம் என்னால நிக்க முடியாது. மாமா ரெண்டுன்னுதான் சொன்னாவ." சொல்லிக்கொண்டே மூன்று விரல் பிடித்தான். அவன் அப்படி ஒன்று ஏறியதுதான் பிசகு. விலை அசைகிறது என்று கண்டுகொண்ட கை, ஏழுக்கு இறங்கியது. அவன் மூன்றிலேயே நின்றான். கை உதறிவிட்டு மறுபடி ஏழு பிடித்தது. வேர்த்து விட்டது இரண்டு பேருக்கும். வெளியிலிருந்து பார்த்தால், மலையும் சிங்கமும் கட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள்; முழங்கை மட்டும் ஆடியது.

முன்வரிசைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடுமையான போராட்டம்" என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பின்னால் இருந்த சந்தைக்காரர்களுக்கு முழங்கை அசைவு போதும். பாப்பாக்குடிக்காரர் ஒருவர் எழுந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏலே, பூதலிங்கம் வெலை பேசுதாருல்லா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பக்கம் பூராவும் எழுந்தது. இன்னும் படியவில்லை என்றார்கள் சிலர். படிந்துவிடும், வாங்குகிறவன் இளைத்துவிட்டான் என்றார்கள் சிலர். அஞ்சுக்கு முடிச்சிரும் அண்ணாச்சி, பஸ் போயிரும் என்று ஒரு குரல் வந்தது. மைதானமே சிரித்தது. பூதலிங்கம் அப்போதுதான் தலையைத் தூக்கினார். சிரிக்கிற முகங்களுக்கு நடுவே அகமது மீரான் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதலிங்கம் கையை உருவிக்கொண்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். வியாபாரம் இல்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போ என்று சந்தையில் அதற்கு அர்த்தம். சந்தைக்காரர்களின் சிரிப்பு நின்றது. கழகமும் வேண்டாம், கேட்டும் வேண்டாம், விழப்போவதில்லை என்று அவர் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான்.

மகேஸ்வரன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கண்ணை உருட்டினார். பேசி வைக்காமல் ஒரு காரியம் செய்ய வேண்டிய நிலை அந்தப் பையனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஓடிவந்து பூதலிங்கத்தின் வயிற்றில் முட்டினான். ஒரு கன்றுக்குட்டி முட்டின அளவு இருக்கும். பூதலிங்கம் அவனைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் தெளித்த பன்னீர் தார்ப்பாயில் தேங்கி நின்றது. குதிகால் வழுக்கியது. நூற்று அறுபது கிலோவும் ஒரே தடவையில் பின்னால் போய், மூலைக் கம்பத்தின் இரும்பு அடியில் முதுகு மோதி, மேடைப் பலகை இரண்டு முறிந்தது.

எழுந்திருக்கத்தான் பார்த்தார். மூச்சு வரவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நடுவர் மூன்று எண்ணினார். பயத்தில் பூதலிங்கத்தின் மேலேயே விழுந்து கிடந்த மகேஸ்வரன், எண்ணி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

நிஜமாக ஒரு பெரிய மனிதன் ஒரு சின்ன மனிதனிடம், பேசி வைக்காமல் தோற்றுப்போனது திருநெல்வேலியில் அன்றைக்குத்தான். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது:

"கடைசியில எத்தனைக்குவே முடிஞ்சுது?"

அதன் பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை. செருப்பு கூட யாரும் எறியவில்லை.

குழுவின் ஏழு பேரும் தாளை நீட்டினார்கள். வருத்தம் முழு மதிப்பெண். வியப்பு முழு மதிப்பெண். இயல்பு, இதுவரை கொடுக்காத மதிப்பெண். தலைவர் கண் கலங்கிவிட்டார். முதலில் விழ மறுப்பது போல் கையை விரித்துக் காட்டிய நுட்பம் ஒத்திகையில் இல்லாத ஒன்று என்றும், அதைப் பூதலிங்கம் சொந்தமாகச் சேர்த்தது கழகத்துக்கே பாடம் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார். பூதலிங்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் தள்ளாடிப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் விழுததா இல்லை. வழுக்கிட்டுது. நெசமாவே விழுந்தேன்" என்றார்.

மைதானம் மறுபடி சிரித்தது. தலைவர் அவரைக் கட்டித் தழுவி, ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"பாருங்கள். இதையும் எவ்வளவு நம்பும்படியாகச் சொல்கிறார்."

பொன்னாடை போர்த்தினார்கள். முதுகில் அடிபட்ட இடத்தில் அது உரசியபோது பூதலிங்கம் வாய்விட்டு முனகினார். குழுவில் ஒருவர் அதற்கும் தனியாக இரண்டு மதிப்பெண் சேர்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கேட்டில் வன்னியராஜே நின்று வரவேற்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். கேட்டை இரண்டு கதவும் விரியத் திறந்து வைத்திருந்தார். கழகம் பூதலிங்கத்தைத் தென் மாவட்டங்களுக்கெல்லாம் தோல்விப் பயிற்றுநராக நியமித்துத் தீர்மானம் போட்டிருக்கிறது என்ற செய்தியையும் சொன்னார். பூதலிங்கம் உள்ளே போய், வழக்கமான மரத்தடியில் நின்றார்.

மாடு வந்தது, ஆள் வந்தது. முக்கூடலிலிருந்து ஒரு ஜோடிக் காளையோடு வந்த விவசாயி, வருஷக்கணக்காக அவர் கையில் மட்டுமே விரல் வைத்தவர், நேரே நடந்து வந்து, இரண்டு முழ தூரத்தில் நின்று, அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ரொம்ப நல்லா இருந்திச்சு அண்ணாச்சி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் காளைகளைத் திருப்பி, வேறு தரகரிடம் ஓட்டிக்கொண்டு போனார். அடுத்து வந்தவர் அதைக்கூடச் சொல்லவில்லை. வெயில் ஏறி, சந்தை கலையத் தொடங்கியது. அந்தத் துண்டுக்குள் அன்றைக்கு ஒரு விரலும் நுழையவில்லை.

கடைசியில் அகமது மீரான் தன் வேலையை முடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். பூதலிங்கம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கை தானாகப் பேரம் பேசியது, பிறகு உருவிக்கொண்டது, விழக்கூடாது என்று முடிவு செய்தது, பன்னீர், குதிகால், எல்லாம் ஒன்று விடாமல். கேட்டு முடித்தும் மீரான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒமக்குமாவே நம்பிக்கை இல்லை?" என்று பூதலிங்கம் சட்டையை மேலே தூக்கித் திரும்பி நின்றார்.

முதுகில் தாம்பாளம் அகலத்துக்குக் கறுத்துப்போய், ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாக ஒரு காயம். மீரான் குனிந்து பார்த்தார். சந்தையில் மாட்டுக்குச் சாயம் பூசியிருக்கிறார்களோ என்று சந்தேகம் வந்தால் செய்வது போல, பெருவிரலை நாக்கில் நனைத்து, அந்தக் கறுப்பின் மேல் அழுத்தி, இப்படியும் அப்படியுமாக நாலு தேய்ப்புத் தேய்த்தார். பூதலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பிடித்தார்.

மீரான் பெருவிரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"நல்ல சாயம்" என்றார். "எங்கனவே வாங்குனாங்க?"